வாட்டர் கூலிங் ரேடியேட்டருக்கு எந்த ஃபேன்? சத்தத்தை முன்வைத்து ஓர் ஒப்பீடு

தண்ணீரால் குளிரூட்டும் கணினி கட்டுகிறவர்கள் பிளாக் (சிப்பின் மேல் அமர்ந்து வெப்பத்தைத் தண்ணீருக்குக் கடத்தும் பாகம்), பம்ப், குழாய், இணைப்பிகள் என்று ஒவ்வொன்றையும் வாரக்கணக்கில் அலசுகிறார்கள். ஃபேன் என்று வரும்போது மட்டும் பெட்டியில் எழுதியிருக்கும் டெசிபல் எண்ணைப் பார்த்து, குறைவாக இருப்பதை எடுத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. பம்பை அதிர்வு தாங்கும் ரப்பர் மேல் வைத்து வேகத்தையும் குறைத்துவிட்டால், அந்தக் கணினியில் காதுக்கு எட்டும் பொருள் கிட்டத்தட்ட ஃபேன் ஒன்றுதான். பல வருடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கப்போகிற சத்தம் அது. அதற்குக் கொஞ்சம் நேரம் செலவழிப்பது தகும்.

சந்தையில் நல்ல ஃபேன்கள் பல இருக்கின்றன. நோக்டுவா, ஆர்க்டிக், ஃபேன்டெக்ஸ், பி கொயட் என்று பெயர்களை அடுக்கி, இதில் எது சிறந்தது என்று கேட்டால் அதற்கு ஒரே பதில் கிடையாது. 700 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 700 சுற்று) சிறந்தது வேறு, 1500இல் சிறந்தது வேறு. ஆகவே உங்கள் ரேடியேட்டரில், அதாவது தண்ணீரின் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கும் தகடுகள் நிறைந்த பாகத்தில், ஃபேன் எந்த வேகத்தில் ஓட வேண்டியிருக்கும் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேகத்தைத் தீர்மானிப்பது ஃபேன் இல்லை, ரேடியேட்டரின் பரப்பு. இந்த வரிசை மாறினால் எவ்வளவு விலை கொடுத்தாலும் அமைதி கிடைக்காது.

வேகத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு

கணக்கு சின்னதுதான். மணிக்கு ஒரு கன மீட்டர் காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.33 வாட் வெப்பத்தை எடுத்துச் செல்லும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 400 வாட் வெளியிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று 8 டிகிரி சூடேறினால் போதும் என்றால், மணிக்கு 150 கன மீட்டர் காற்று தேவை. 120 மிமீ ஃபேன் மூன்றை வரிசையாகப் பூட்டும் 360 மிமீ ரேடியேட்டர் ஒன்று என்றால் ஆளுக்கு 50. அப்படிப்பட்ட ரேடியேட்டர் இரண்டு இருந்தால் ஆறு ஃபேன், ஆளுக்கு 25.

50 என்பது சின்ன எண்ணாகத் தோன்றலாம். பெட்டியில் 100 என்று போட்டிருக்கிறதே என்பீர்கள். அந்த 100, முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாத வெட்டவெளியில், முழு வேகத்தில் கிடைப்பது. ரேடியேட்டரின் தகடுகளுக்கு இடையே காற்றைத் தள்ளும்போது அதில் பெரிய பங்கு காணாமல் போய்விடும். எனவே ஆளுக்கு 50 வேண்டுமென்றால் ஃபேன் நன்றாகவே வியர்க்க வேண்டியிருக்கும். 25 என்றால் அதே ஃபேன் ஏறக்குறையப் பாதி வேகத்தில் ஓடினால் போதும்.

அந்தப் பாதி வேகத்துக்கு என்ன அர்த்தம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஃபேனின் காற்றோட்டம் வேகத்துக்கு நேர் விகிதத்தில் மாறும். அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக மாறும். சத்தமோ இதையெல்லாம் விட வேகமாக ஏறி இறங்கும்: வேகம் பாதியானால் சுமார் 15 டெசிபல் குறையும். 1200இலிருந்து 1000க்கு இறக்கினாலே ஏறக்குறைய 4 டெசிபல் போய்விடும். ஒரே மாதிரி ஃபேன்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். ஆக, மூன்றிலிருந்து ஆறு ஃபேனுக்குப் போய், வேகத்தைப் பாதியாக்கினால் 15 குறைந்து 3 கூடுகிறது. மிச்சம் 12 டெசிபல் லாபம். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியாகிவிட்டதுபோல் தோன்றும் என்பது ஒலியியலில் பொதுவாகச் சொல்லப்படுவது. இந்த 12 டெசிபலை, இரண்டு நல்ல ஃபேன்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தால் ஒருபோதும் எட்ட முடியாது.

இதனால்தான் விலை உயர்ந்த ஃபேன் வாங்கும் எண்ணத்தில் இருப்பவரிடம், கேபினெட்டில் இன்னொரு ரேடியேட்டருக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் கேட்பேன். இருந்தால் காசை அங்கே போடுங்கள். கேபினெட்டுக்கு வெளியே வைக்கும் வாட்டர்கூல் நிறுவனத்தின் மோ-ரா வகை ரேடியேட்டர்கள் இந்தக் கணக்கின் உச்சம். ஒன்பது ஃபேன்களை மிக மெதுவாக ஓட விடுகிறவர்களுக்கு எந்த ஃபேன் என்ற கேள்வியே பாதி கரைந்துவிடும்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் வேகத்தைக் குறைக்கலாம். அறை வெப்பத்தைவிடத் தண்ணீர் 10 டிகிரி மட்டுமே கூடுதலாக இருக்க வேண்டும் என்று பலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். அதை 15 ஆக்கினால் சிப்பின் வெப்பமும் ஏறக்குறைய 5 டிகிரி கூடும், அவ்வளவே. அந்த 5 டிகிரியால் எந்தப் பாகமும் கெடப்போவதில்லை. தண்ணீர் 60 டிகிரியை நெருங்கக் கூடாது. பம்புகளுக்கும் குழாய்களுக்கும் பொதுவாக அதுதான் எல்லை. அதற்குக் கீழே தாராளமாக இடம் இருக்கும்போது, திரையில் தெரியும் ஓர் எண்ணுக்காகக் காதைத் தண்டிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பெட்டியில் உள்ள எண்களை எப்படிப் படிப்பது

டெசிபல் எண்ணை நிறுவனங்களுக்கு இடையே ஒப்பிடாதீர்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு அறையில், ஒவ்வொரு முறையில் அளக்கிறார்கள். அளப்பதும் பெரும்பாலும் தடையில்லாத காற்றில். ஆர்க்டிக் தன் பி12க்கு டெசிபலே கொடுப்பதில்லை, சோன் என்ற வேறு அலகில் 0.3 என்று போடுகிறது. நோக்டுவா தன் என்எஃப்-ஏ12எக்ஸ்25க்கு 22.6 டெசிபல் என்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்?

காற்றோட்டமும் அழுத்தமும் அப்படித்தான். பெட்டியில் இருக்கும் அதிகபட்சக் காற்றோட்டம், அழுத்தம் பூஜ்யமாக இருக்கும்போது கிடைப்பது. அதிகபட்ச அழுத்தம், காற்று நகரவே முடியாமல் அடைத்து வைத்திருக்கும்போது கிடைப்பது. ரேடியேட்டரில் பூட்டிய ஃபேன் இந்த இரண்டு முனைகளிலும் வேலை செய்வதில்லை, நடுவில் எங்கோ ஓர் இடத்தில் வேலை செய்கிறது. அந்த இடம் எது என்பதை ரேடியேட்டரின் தடிமனும் தகடுகளின் நெருக்கமும் முடிவு செய்கின்றன. அங்குலத்துக்குப் பத்துத் தகடு உள்ள ரேடியேட்டர், மெதுவாக ஓடும் ஃபேனுக்குத் தோதானது. ஹார்டுவேர் லேப்ஸின் எஸ்ஆர்2 வரிசை அதற்காகவே வடிவமைக்கப்பட்டது. 16 தகடு இருந்தால் அழுத்தம் தரும் ஃபேன் வேண்டும், இல்லையென்றால் வேகத்தைக் கூட்ட வேண்டும். அமைதிதான் குறிக்கோள் என்றால் ரேடியேட்டர் வாங்கும்போதே நெருக்கம் குறைந்ததைப் பார்த்து வாங்குவது நல்லது.

எனக்குத் தெரிந்து உருப்படியான ஒப்பீடு ஒன்றுதான். எல்லா ஃபேன்களையும் ஒரே ரேடியேட்டரில் பூட்டி, ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து, அப்போது எது அதிகம் குளிர்விக்கிறது என்று பார்ப்பது. ஃபேன் சோதனை செய்கிறவர்களில் கவனமானவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். ஒரே ஆர்பிஎம்மில் வைத்து ஒப்பிடும் அட்டவணைகளை நம்பி வாங்க வேண்டாம். ஒரு ஃபேன் 1200இல் எழுப்பும் சத்தத்தை இன்னொன்று 1000இலேயே எழுப்பலாம்.

டெசிபல் சொல்லாத சத்தம்

இனி, எண்களில் வராத பகுதி. ஒரே டெசிபலில் உள்ள இரண்டு ஃபேன்களில் ஒன்று காற்று வீசுவதுபோல் பரவலாகக் கேட்கும், இன்னொன்று ஒரே சுருதியில் முனகும். முதலாவதைப் பத்து நிமிடத்தில் காது மறந்துவிடும். இரண்டாவதை மறக்கவே மறக்காது. இரவு வீடு அடங்கிய பிறகு அந்த முனகல்தான் முன்னால் வந்து நிற்கும்.

முனகலுக்குப் பல ஊற்றுக்கண்கள் உண்டு. முதலாவது இறக்கைகள் ஒரு புள்ளியைக் கடக்கும் அதிர்வெண். இறக்கை எண்ணிக்கையை ஆர்பிஎம்மால் பெருக்கி 60ஆல் வகுத்தால் அது கிடைக்கும். ஒன்பது இறக்கை உள்ள நோக்டுவா 1000இல் ஓடும்போது 150 ஹெர்ட்ஸ். ஐந்து இறக்கை உள்ள ஆர்க்டிக் பி12 அதே வேகத்தில் 83 ஹெர்ட்ஸ். இந்தக் கீழ்ச்சுருதிகள் கேபினெட்டின் தகட்டையோ மேசையையோ சேர்த்து அதிர வைத்தால், ஃபேன் மட்டும் தனியாகக் கையில் இருந்தபோது கேட்காத ரீங்காரம் ஒன்று கிளம்பும்.

இரண்டாவது மோட்டார். மெதுவாக ஓடும்போது காதை அருகில் கொண்டுபோனால் டிக் டிக் என்றோ மெல்லிய சிணுங்கலாகவோ கேட்பது அதுதான். விலை குறைந்த ஃபேன்களில் பிடபிள்யூஎம் கட்டுப்பாட்டில் (துடிப்புச் சமிக்ஞையால் வேகத்தை மாற்றும் முறை) இது அதிகம். அதே ஃபேனை மதர்போர்டில் மின்னழுத்த முறைக்கு மாற்றினால் சில நேரம் அடங்கிவிடும். காசில்லாத வைத்தியம், முயன்று பார்க்கலாம்.

மூன்றாவதை ரேடியேட்டர்காரர்கள்தான் அதிகம் அனுபவிக்கிறார்கள். ஒரே மாதிரி ஃபேன்கள் மூன்று, ஆறு என்று பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது அவற்றின் வேகம் துல்லியமாக ஒன்றாக இருக்காது. ஒன்று 1000, அடுத்தது 1010 என்று இருந்தால், ஒன்பது இறக்கைக் கணக்கில் 150 ஹெர்ட்ஸும் 151.5 ஹெர்ட்ஸும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, நொடிக்கு ஒன்றரை முறை சத்தம் ஏறி இறங்கும். வூம், வூம் என்று அலை அடிப்பதுபோல் கேட்கும். இதை நோக்டுவா நேரடியாகவே எதிர்கொண்டிருக்கிறது. 2024இல் வந்த 140 மிமீ என்எஃப்-ஏ14எக்ஸ்25 ஜி2 (இரண்டாம் தலைமுறை) ஃபேனையும், அதற்கடுத்த ஆண்டு வந்த 120 மிமீ ஜி2 ஃபேனையும் வேகம் வேண்டுமென்றே சற்று விலக்கி வைக்கப்பட்ட ஜோடிகளாகவும் விற்கிறார்கள். மற்ற ஃபேன்களில் இதை நீங்களே செய்துகொள்ளலாம். ஃபேன்களை இரண்டு குழுவாகப் பிரித்துத் தனித்தனி இணைப்பில் மாட்டி, ஒரு குழுவை 40, 50 ஆர்பிஎம் தள்ளி ஓட விட்டால் அந்த அலை பெரும்பாலும் தேய்ந்துவிடும்.

நான்கு ஃபேன்கள்

ஆர்க்டிக் பி12தான் இந்த ஒப்பீட்டில் மிக மலிவு. ஐந்து சேர்ந்த பொதியாகவும் கிடைக்கிறது. 200 முதல் 1800 ஆர்பிஎம் வரை ஓடும். 2.2 மிமீ நீர் அழுத்தம் (காற்றழுத்தத்தை நீர்மட்ட உயரத்தால் சொல்லும் அலகு) என்பது விலைக்கு மிகமிக நல்ல எண். சங்கிலிபோல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இணைக்கும் பிஎஸ்டி வகை கேபிள் இருப்பதால் ஒயர் குழப்பம் குறைவு. குளிர்விப்பில் இரண்டு மூன்று மடங்கு விலையுள்ள ஃபேன்களை வெகு அருகில் துரத்தி வருகிறது. இதை ரேடியேட்டருக்குப் பரிந்துரைக்க எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை, ஒரு நிபந்தனையோடு.

அந்த நிபந்தனை முனகல். பி12 சில குறிப்பிட்ட வேகங்களில், பெரும்பாலும் 1000ஐ ஒட்டிய பகுதியில், ஒரு ரீங்காரம் தருகிறது என்பது அதை வைத்திருக்கும் பலரும் சொல்வது. என் காதுக்கும் அது உண்மையே. நூறு ஆர்பிஎம் கீழே போனாலோ மேலே போனாலோ மறைந்துவிடுகிறது. எனவே எந்த வெப்பத்தில் எந்த வேகம் என்று சொல்லும் வேக வரைகோட்டை நீங்களே வரைந்துகொள்ளத் தயார் என்றால், அந்தப் பகுதியில் நிற்காமல் தாண்டும்படி ஒரு படி வைத்துவிடலாம். 800 வரை மெதுவாக ஏறி, அங்கிருந்து நேராக 1100க்குத் தாவும்படி. மாட்டினோம், மறந்தோம் என்று இருக்க விரும்புகிறவருக்கு இது ஒத்துவராது. பின்னால் வந்த பி12 மேக்ஸில் இறக்கைகளின் நுனியை வளையத்தால் இணைத்து, வேகத்தையும் 3300 வரை உயர்த்தினார்கள். அமைதி தேடுகிறவருக்கு 3300 தேவையே இல்லை. அந்த வளையம்தான் இதில் கவனிக்க வேண்டியது, இறக்கை நுனிகள் அதிர்வதை அது தடுக்கிறது.

நோக்டுவா என்எஃப்-ஏ12எக்ஸ்25 2018இல் வந்தது. இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் இடையே அரை மில்லிமீட்டர் இடைவெளிதான். இவ்வளவு நெருக்கமாக வைத்தால் சாதாரண பிளாஸ்டிக் நாளடைவில் நீண்டு சட்டத்தில் உரசிவிடும். அதனால் ஸ்டெராக்ஸ் என்று பெயரிட்ட, எளிதில் நீளாத ஒரு பாலிமரை இறக்கைக்குப் பயன்படுத்தினார்கள். அந்த இடைவெளி குறைவாக இருப்பது ரேடியேட்டருக்கு ஏன் முக்கியம்? எதிரே தடை இருக்கும்போது தள்ளிய காற்றில் ஒரு பகுதி நுனியைச் சுற்றிப் பின்னால் நழுவப் பார்க்கும். வழி குறுகினால் நழுவல் குறையும், அதே காற்றைக் குறைந்த வேகத்தில் தள்ளலாம். 2000 ஆர்பிஎம்மில் 102 கன மீட்டர், 2.34 மிமீ அழுத்தம் என்ற எண்களைவிட இதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

சத்தத்தின் தன்மையில் இந்த ஃபேன் இன்றைக்கும் அளவுகோல். 500இலிருந்து 1300 வரை எந்த இடத்தில் நிறுத்தினாலும் திடீரென்று முனகுவதில்லை. பழுப்பு நிறம் பிடிக்காதவர்களுக்கு குரோமாக்ஸ் என்ற கறுப்பு வகை இருக்கிறது. ஆறு வருட உத்தரவாதம். குறை என்றால் விலை ஒன்றுதான். ஆறு ஃபேன் வாங்கும்போது அது உறைக்கும். அதே நிறுவனத்தின் என்எஃப்-பி12 ரெடக்ஸ் 1700 நடுவிலையில் நிற்கிறது. உறுதியான ஃபேன், ஆனால் ரேடியேட்டரில் ஏ12எக்ஸ்25 அளவுக்கு மென்மையாக எனக்குக் கேட்கவில்லை.

ஃபேன்டெக்ஸ் டி30 வேறு பாதையில் போகிறது. வழக்கமான 25 மிமீக்குப் பதில் 30 மிமீ தடிமன். ஐந்து மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். ஆழம் கூடியதால் இறக்கையை இன்னும் நீளமாக, இன்னும் அழுத்தம் தரும்படி அமைக்க முடிந்திருக்கிறது. ஃபேனிலேயே ஒரு சுவிட்ச் உண்டு: 1200, 2000, 3000 என்று மூன்று உச்ச வேகங்கள். 3000இல் 7.11 மிமீ அழுத்தம். அந்த வேகத்தில் அது அலறும், அது நமக்கு வேண்டாம். ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால், 120 மிமீ ஃபேன்களில் ரேடியேட்டரைக் குளிர்விப்பதில் இதை மிஞ்சுவது கடினம். தகடு நெருக்கமான, தடிமனான ரேடியேட்டர் ஏற்கெனவே வாங்கிவிட்டவருக்கும், ஒரே ஒரு ரேடியேட்டருக்குத்தான் இடம் என்பவருக்கும் என் முதல் தேர்வு இதுதான்.

ஆனால் வாங்கும் முன் அளவுகோலை எடுத்து அளந்துவிடுங்கள். மேல்பக்கம் 27 மிமீ ரேடியேட்டரோடு 25 மிமீ ஃபேன் சேர்ந்தால் 52. டி30 என்றால் 57. மெமரி கார்டின் தலையிலோ மதர்போர்டின் ஹீட்சிங்கிலோ இடிப்பது இந்த ஐந்து மில்லிமீட்டரில்தான். குறைந்த வேகத்தில், 700க்குக் கீழே, நோக்டுவாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை என் காது பிரித்தறியவில்லை. ஆகவே பரப்பு தாராளமாக உள்ளவர் இந்தத் தடிமனைச் சுமக்க வேண்டிய அவசியம் இல்லை.

பி கொயட் நிறுவனத்தின் பெயரே அமைதியைச் சொல்கிறது. ஆனாலும் அவர்களின் எல்லா ஃபேனும் ரேடியேட்டருக்கு ஏற்றதல்ல. சைலண்ட் விங்ஸ் வரிசையின் பழைய வகைகளில் சட்டமும் மூலைகளும் காற்றை எளிதாக உள்ளிழுக்கும்படி அமைந்தவை. ரேடியேட்டரில் வைத்தால் ஓரங்களில் காற்று கசியும். சைலண்ட் விங்ஸ் ப்ரோ 4இல் இதைச் சரிசெய்து, மாற்றிப் பூட்டக்கூடிய மூலைகளில் ரேடியேட்டருக்கானதையும் சேர்த்தே தருகிறார்கள். 3000 ஆர்பிஎம் வரை போகும், உச்ச வேகத்தை மாற்ற மூன்று நிலை சுவிட்ச் உண்டு. மோட்டார் சத்தம் மிகக் குறைவு. காது மோட்டார் சிணுங்கலுக்குக் கூர்மையாக இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்வேன். வாங்கும்போது பெயரில் ப்ரோ இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

வண்ண விளக்கு ஃபேன்களைப் பற்றிச் சுருக்கமாக. விளக்குக்கு இடம் ஒதுக்க இறக்கையின் பரப்பைக் குறைத்த ஃபேன்கள் அதிகம். அதே குளிர்ச்சிக்கு அவை வேகமாக ஓட வேண்டியிருக்கும். விளக்கு வேண்டுமென்றால் தனியாக ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டு, ஃபேனை ஃபேனாகவே வாங்குங்கள்.

அப்புறம், பழைய கைகள் இன்னும் ஏக்கத்தோடு பேசும் ஜென்டில் டைஃபூன். நிடெக் சர்வோ தயாரித்த, 1850 ஆர்பிஎம் ஓடும் பந்து பேரிங் ஃபேன். ஒரு காலத்தில் ரேடியேட்டர் ஃபேன் என்றாலே அதுதான், அந்தப் புகழுக்கு அது தகுதியானதும்கூட. இன்று பயன்படுத்தியதாகக் கிடைத்தாலும் வாங்கச் சொல்ல மாட்டேன். பந்து பேரிங் தேய்ந்தால் மெல்லிய சரசரப்பு வரும். மெதுவாக ஓடும்போது அது இன்னும் தெளிவாகக் கேட்கும்.

120ஆ, 140ஆ

இடம் அனுமதித்தால் 140. பரப்பைப் பாருங்கள்: 280 மிமீ ரேடியேட்டர் இரண்டே ஃபேன்களோடு, மூன்று ஃபேன் உள்ள 360இன் பரப்பில் 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. 420 என்றால் 360ஐவிட 36 சதவீதம் அதிகம், ஃபேன் எண்ணிக்கை அதே மூன்று. நீண்ட நாள் வரை இதில் ஒரு சிக்கல் இருந்தது: நல்ல ரேடியேட்டர் ஃபேன்கள் எல்லாம் 120இல்தான் வந்தன, 140இல் தேர்வு குறைவு. நோக்டுவாவின் 140 ஜி2 வந்த பிறகு அந்தக் குறையும் நீங்கியது. அதில் சதுரச் சட்டம் உள்ளதைத்தான் ரேடியேட்டருக்கு எடுக்க வேண்டும். வட்டச் சட்டம் பிராசசர் கூலருக்கானது.

எந்தப் பக்கம் பூட்டுவது

நல்ல ஃபேனையும் கெடுத்துவிடக்கூடிய விஷயம் ஒன்று உண்டு, அது காற்று உள்ளே நுழையும் பக்கம். ஃபேனுக்குள் வரும் காற்று கலங்கிப்போய் வந்தால், ஒவ்வோர் இறக்கையும் அந்தக் கலக்கத்தை வெட்டும்போது ஒரு சுருதி எழும். வெளியேறும் பக்கத்தில் தடை இருந்தால் இவ்வளவு பாதிப்பு இல்லை. ஆகவே ரேடியேட்டரின் வழியாக இழுப்பதைவிட, ரேடியேட்டருக்குள் தள்ளும்படி பூட்டுவதுதான் பொதுவாகச் சத்தம் குறைவு. இதற்கு ஒரு விதிவிலக்கு: தள்ளும்படி வைத்தால் ஃபேனின் மூக்கு கேபினெட்டின் துளைத் தகட்டில் ஒட்டி நிற்கும் என்றால், அந்தத் தகடே கலக்கத்தை உண்டாக்கும். அப்போது இரண்டு வழியும் முயன்று பார்த்துக் காதிடம் விட்டுவிடுவது நல்லது. ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவே 5 மிமீ இடைவெளிச் சட்டம் வைத்தாலும் வித்தியாசம் தெரியும். நோக்டுவா இதற்கென்றே ஒன்றை விற்கிறது.

இரண்டு பக்கமும் ஃபேன் வைப்பது 60 மிமீ தடிமனும் நெருக்கமான தகடும் உள்ள ரேடியேட்டரில் பலன் தரும். மெல்லிய ரேடியேட்டரில் அந்தக் காசுக்கு இன்னொரு ரேடியேட்டரை நெருங்கிவிடலாம்.

வேகத்தை எதைப் பார்த்து மாற்றுவது

எந்த ஃபேன் வாங்கினாலும் அதைப் பிராசசர் வெப்பத்தோடு கட்டிப்போடாதீர்கள். பிராசசர் ஒரு நொடியில் 20 டிகிரி தாவும். தண்ணீர் அப்படியல்ல. ஒரு லிட்டர் தண்ணீரை 400 வாட்டில் சூடாக்கினால், வெப்பம் எதுவும் வெளியேறாவிட்டாலும் ஒரு டிகிரி ஏறப் பத்து நொடிக்கு மேல் ஆகும். ஒரு உலாவிப் பக்கம் திறந்ததற்காக ஃபேன்கள் எகிறி, உடனே அடங்குவதைப்போல் எரிச்சலூட்டும் சத்தம் வேறு இல்லை. நிலையாக ஓடும் சற்றுப் பெரிய சத்தத்தைக்கூடக் காது பொறுத்துக்கொள்ளும், ஏறி இறங்குவதைப் பொறுக்காது. தண்ணீர் வழியில் ஒரு வெப்ப உணரி வைத்து, அதை மதர்போர்டிலோ அக்வா கம்ப்யூட்டர் குவாட்ரோ போன்ற கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ இணைத்து, தண்ணீரின் வெப்பத்துக்கு ஏற்ப வேகம் மாறும்படி வையுங்கள். மலிவான ஃபேனும் தண்ணீர் உணரியும் சேர்ந்த அமைப்பு, விலையுயர்ந்த ஃபேனைப் பிராசசர் வெப்பத்தில் ஓட்டும் அமைப்பைவிட நிம்மதியாக இருக்கும். இதைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை.

யாருக்கு எது

இரண்டு அல்லது அதற்கு மேல் 360 ரேடியேட்டர் வைத்து, 900ஐத் தாண்டாமல் ஓட்டப்போகிறவருக்கு ஆர்க்டிக் பி12 போதும். முனகும் பகுதிக்குக் கீழேயே அது தன் வேலையை முடித்துவிடும். மிச்சமாகும் காசில் உணரியும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வாங்கிவிடலாம்.

ஒரே 360, வெப்பமோ 400 வாட்டைத் தொடுகிறது, ஃபேன் 1000க்கும் 1400க்கும் இடையே ஓடியாக வேண்டும் என்ற நிலைதான் ஃபேனின் தரம் உண்மையில் வெளிப்படும் இடம். இடம் இருந்தால் டி30. இல்லையென்றால் ஏ12எக்ஸ்25 அல்லது அதன் ஜி2. இங்கே கூடுதல் விலை கொடுப்பது வீண் இல்லை, ஒவ்வொரு நாளும் அதைக் கேட்பீர்கள்.

மோட்டார் சிணுங்கல் பொறுக்காதவர், கேபினெட்டை மேசைமேல் காதுக்கு அருகில் வைத்திருப்பவர் என்றால் சைலண்ட் விங்ஸ் ப்ரோ 4ஐயும் பட்டியலில் சேர்க்கலாம். 420க்கு இடம் உள்ளவர் 120 வகைகளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், 140 ஜி2 பக்கம் போய்விடலாம்.

எதை முடிவு செய்தாலும் ஆறையும் ஒரேயடியாக வாங்காமல், முதலில் ஒன்றோ இரண்டோ வாங்குங்கள். ரேடியேட்டரில் பூட்டி, 500இலிருந்து 1300 வரை ஐம்பது ஐம்பதாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சற்று நின்று, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து கேளுங்கள். முனகும் வேகங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், வேக வரைகோடு வரையும்போது தேவைப்படும். பூட்டும்போது திருகின் நீளத்தையும் பாருங்கள். 25 மிமீ ஃபேனுக்குப் பொதுவாக 30 மிமீ திருகு, டி30க்கு 35. டி30இன் திருகை மெல்லிய ஃபேனில் மறந்துபோய்ச் செலுத்தினால், முனை தகடுகளைத் தாண்டித் தண்ணீர் ஓடும் குழாயைத் துளைத்துவிடும். சில ரேடியேட்டர்களில் திருகுத் துளைக்கு நேர் கீழே பாதுகாப்புத் தகடு இருக்கும், பலவற்றில் இருக்காது. அதனால் முதல் திருகைக் கையால் மட்டும் சுற்றி, எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகு மற்றவற்றை முடுக்குங்கள்.